லக்ஸர்: வெயிலைப் பார்த்துச் சுற்ற வேண்டிய ஊர்

எகிப்தின் பழங்காலக் கோயில் நகரமான லக்ஸரை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: எல்லாக் கோயிலும் ஒரே மாதிரி இருந்தது, சுவரில் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. குறை கோயிலில் இல்லை, போன நேரத்தில். உச்சிவெயிலில் கர்னாக் கோயிலின் வெளிச்சுவரைப் பார்த்தால் மொட்டைக் கல்தான் தெரியும். அதே சுவரில் வெயில் சாய்வாக விழும்போது ரதமும் குதிரையும் விழுந்து கிடக்கும் எதிரியும் எழுந்து வருவார்கள்.

காரணம் எளிது. எகிப்தியச் சிற்பிகள் சுவரில் இரண்டு விதமாகச் செதுக்கினார்கள். ஒன்று, பின்னணிக் கல்லையெல்லாம் நீக்கி உருவத்தை மேலே நிறுத்தும் புடைப்புச் சிற்பம். இன்னொன்று, பின்னணியைத் தொடாமல் உருவத்தின் விளிம்பை ஆழமாக வெட்டி, உருவத்தைச் சுவர் மட்டத்துக்கு உள்ளேயே அடக்கும் குழிவுச் செதுக்கல். இது சீக்கிரம் முடியும், செலவும் குறைவு, வெட்ட வெளியில் விளிம்பின் நிழலே கோடாக நிற்கும். ஆகவே பொதுவாக உள் அறைகளில் புடைப்பு, வெளிச்சுவரில் குழிவு. குழிவுச் செதுக்கலுக்கு நிழல் வேண்டும், நிழலுக்குச் சாய்ந்த வெளிச்சம் வேண்டும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் எந்த இடத்துக்கு எப்போது போவது என்ற திட்டம் பாதி முடிந்தது.

ஊர் அமைப்பு: நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. கிழக்குக் கரையில் ஊர், ரயில் நிலையம், லக்ஸர் கோயில், அதற்கு வடக்கே கர்னாக், இரண்டுக்கும் நடுவே அருங்காட்சியகம். மேற்குக் கரையில் வயல், வயல் முடியும் இடத்தில் அரசர்களின் நினைவுக் கோயில்கள், அதற்குப் பின்னால் மலைக்குள் கல்லறைகள். கெய்ரோவிலிருந்து தெற்கே சுமார் 650 கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி நேரம், இரவு ரயிலில் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பகலில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம், ஆனால் கூட்டம் இருக்காது.

கர்னாக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போதே உள்ளே இருப்பது நல்லது. செங்கடல் கரையிலுள்ள ஹுர்கடாவிலிருந்து ஒருநாள் சுற்றுலாப் பேருந்துகள் ஒன்பது, பத்து மணிவாக்கில் வரத் தொடங்கும். அதற்குப் பிறகு பெரிய தூண் மண்டபத்தில் நடக்கவே இடமிருக்காது. அந்த மண்டபத்தில் 134 தூண்கள். நடுவிலுள்ள 12 தூண்கள் 21 மீட்டர் உயரம், மற்றவை அதைவிடக் குட்டை. அந்த உயர வித்தியாசத்தில்தான் கல் ஜன்னல்கள் வைத்து வெளிச்சம் உள்ளே விட்டிருக்கிறார்கள். சில ஜன்னல்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன, அண்ணாந்து பாருங்கள். மண்டபத்தின் வடபாதி அரசர் முதலாம் சேத்தி செய்தது, நுட்பமான புடைப்பு. தென்பாதி அவர் மகன் இரண்டாம் ராம்செஸ் காலத்தது, அங்கே குழிவுதான் அதிகம். ஒரே கூரையின் கீழ் இரண்டையும் ஒப்பிட இதைவிட வசதியான இடம் கிடையாது. வழிகாட்டிகள் தூண்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், வடக்குச் சுவருக்கு அழைத்துப் போகச் சொல்லிக் கேளுங்கள்.

மண்டபத்தைத் தாண்டியதும் ஹட்ஷெப்சுட் அரசியின் ஒபெலிஸ்க், அதாவது உச்சி கூரான நான்முகக் கல்தூண். அஸ்வானிலிருந்து வந்த ஒற்றை சிவப்பு கிரானைட் கல், 29 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அவருக்குப் பின் வந்த மூன்றாம் தூத்மோஸ் இதன் கீழ்ப்பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி மறைத்தார். மறைந்த பகுதிக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதிக்கும் கல்லின் நிறம் வேறுபடுவது இன்றும் தெரிகிறது. அதே தூத்மோஸின் விழா மண்டபம் கோயிலின் பின்கோடியில் இருக்கிறது, அங்கே பெரும்பாலானவர்கள் போவதில்லை. அதன் நடுவரிசைத் தூண்களைக் கவனியுங்கள்: மேலே பருத்து, கீழே மெலிந்து, தலைகீழாக இருக்கும். படையெடுப்புக் கூடாரத்தின் மரக்கால்களைக் கல்லில் வடித்திருக்கிறார்கள் என்பது அறிஞர்கள் சொல்லும் விளக்கம்.

வெளியே வரும்போது முதல் வாசல் மதிலின் உட்பக்கம், தென்புறத்தில் ஒரு மண் குவியல் தெரியும். குப்பை என்று கடந்துவிடாதீர்கள். மதிலைக் கட்டுவதற்காகப் போட்ட பச்சைச் செங்கல் சாய்தளத்தின் மிச்சம் அது. மதில் முடியாமலே நின்றதால் சாய்தளத்தையும் யாரும் எடுக்கவில்லை. இவ்வளவு பெரிய கற்களை எப்படித் தூக்கினார்கள் என்ற கேள்விக்கு எகிப்தில் இதைவிட நேரான பதில் கண்ணெதிரே கிடைக்காது. கர்னாக் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் உள்ள, அரசர் முதலாம் செனுஸ்ரெட்டின் வெள்ளை மண்டபத்தையும் விடாதீர்கள். பிற்காலத்தில் உடைத்து மதிலுக்குள் நிரப்பாகப் போட்டிருந்த கற்களைப் பொறுக்கி எடுத்து மறுபடி அடுக்கியது.

லக்ஸர் கோயிலைப் பகலில் பார்க்க வேண்டியதில்லை. இருட்டிய பிறகு போங்கள். முன்மதிலில், இரண்டாம் ராம்செஸ் ஹிட்டைட்டுகளோடு நடத்திய காதேஷ் போரின் காட்சி குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. காலத்தால் தேய்ந்துபோய்ப் பகலில் அநேகமாகத் தெரியாது. இரவில் விளக்குகளைத் தரையிலிருந்து மேல்நோக்கிப் போடுவதால் ஒவ்வொரு கீறலும் நிழல் பெற்று வெளியே வருகிறது. சூரியன் செய்யாததை விளக்கு செய்கிறது. வாசலில் ஒரு ஒபெலிஸ்க் மட்டும் நிற்கும், அதன் ஜோடி 1836இல் பாரிஸ் நகரச் சதுக்கத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. உள்ளே முதல் முற்றத்தின் மேல் அபு ஹக்காக் மசூதி. அதன் பழைய கதவு ஒன்று தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் இருக்கும். மசூதி கட்டிய காலத்தில் கோயில் அவ்வளவு தூரம் மண்ணில் புதைந்திருந்தது, தெரு அந்த மட்டத்தில்தான் ஓடியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மண்ணை அள்ளியபோது கதவுக்குக் கீழே தரை இறங்கிவிட்டது. கர்னாக்கையும் இக்கோயிலையும் இணைக்கும் 2.7 கிலோமீட்டர் ஸ்பிங்க்ஸ் பாதை (இருபுறமும் சிங்க உடல் சிலைகள் வரிசையாக நிற்பது) 2021 நவம்பரில் திறக்கப்பட்டது. முழுதும் நடக்க வேண்டிய கட்டாயமில்லை. நிழல் துளியும் கிடையாது, கடைசி அரைக் கிலோமீட்டர் போதும்.

மேற்குக் கரைக்குப் போக இரண்டு வழி. காரில் போனால் ஊருக்குத் தெற்கே உள்ள பாலத்தைச் சுற்ற வேண்டும். லக்ஸர் கோயிலுக்கு எதிரே உள்ள துறையிலிருந்து பொதுப் படகில் ஏறினால் சில நிமிடத்தில் அக்கரை, கட்டணமும் சில்லறைதான். படித்துறையில் இறங்கும் வழியில் யாராவது வந்து “படகு இன்று ஓடாது, என் படகில் வாருங்கள்” என்பார்கள். ஓடும். நேரே இறங்கிப் போங்கள். அக்கரையில் டாக்சியை அரைநாளுக்குப் பேசி எடுக்கலாம். எத்தனை இடம், காத்திருப்பு உண்டா, மொத்தத் தொகை எவ்வளவு, எந்த நாட்டுப் பணம் ஆகிய நான்கையும் ஏறுமுன் சொல்லிவிடுங்கள். நாலாவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். எகிப்தின் நாணயமும் பவுண்டுதான்; குதிரை வண்டியில் ஏறும்போது 100 பவுண்டு என்று பேசிவிட்டு, இறங்கும்போது அது பிரிட்டிஷ் பவுண்டு என்று வாதாடுவது இங்கே பழைய தந்திரம்.

டிக்கெட் விஷயம். பெரும்பாலான கவுன்டர்களில் இப்போது ரொக்கம் வாங்குவதில்லை, கார்டுதான். நம் ஊர் ரூபே கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். விசா அல்லது மாஸ்டர்கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைக் கிளம்புமுன்பே வங்கிச் செயலியில் திறந்துவைக்க வேண்டும். பலர் கவுன்டர் முன்னால் நின்றுதான் அது மூடியிருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். மேற்குக் கரையில் எல்லா இடத்திலும் வாசலிலேயே டிக்கெட் கிடைக்காது. டெய்ர் எல் மெதினா, மெதினத் ஹபு, பிரபுக்களின் கல்லறைகள் போன்றவற்றுக்கு சாலையோரம் நிற்கும் மெம்னான் என்ற இரு பெரிய சிலைகளைத் தாண்டியுள்ள கவுன்டரில் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் வாசல்வரை போய்த் திரும்ப வேண்டியதுதான். மாணவர்கள் சர்வதேச மாணவர் அட்டை வைத்திருந்தால் பாதி விலை. விலை வருடத்துக்கு வருடம் ஏறுவதால் இங்கே எழுதவில்லை.

அரசர்களின் பள்ளத்தாக்கில் அறுபதுக்கு மேற்பட்ட கல்லறைகள், ஆனால் பொது டிக்கெட்டில் மூன்றுதான் பார்க்கலாம். எந்தெந்தக் கல்லறை திறந்திருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் பார்வையாளர் மூச்சும் வியர்வையும் ஏற்றும் ஈரம் சாந்தையும் வண்ணத்தையும் கெடுக்கிறது, ஒன்றை மூடி ஓய்வு கொடுத்து இன்னொன்றைத் திறக்கிறார்கள். வாசலுக்கு அருகில் இருப்பதாலேயே இரண்டாம் எண் கல்லறையிலும் எட்டாம் எண்ணிலும் வரிசை நிற்கும். மூன்றில் ஒன்றைக் கட்டாயம் 11ஆம் எண்ணுக்கு வையுங்கள், மூன்றாம் ராம்செஸுடையது. தோண்டிக்கொண்டே போனவர்கள் பக்கத்துக் கல்லறையில் முட்டிவிட்டார்கள். பாதையைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி நேராகப் போயிருக்கிறார்கள், உள்ளே நடக்கும்போது அந்த விலகல் தெரியும். இன்னொன்று 34ஆம் எண், மூன்றாம் தூத்மோஸ். திறந்திருந்தால் விடாதீர்கள், மூட்டுவலி இருந்தால் தொடாதீர்கள். மலை வெடிப்பில் இரும்புப் படி ஏறி, பிறகு அதே அளவு கீழே இறங்க வேண்டும். உள்ளே காற்று நகராது. அரசரின் பெயர்ச் சின்னத்தைப் போலவே மூலை மழுங்கிய அறை. சுவர் மங்கிய மஞ்சள், அதன்மேல் கறுப்பு, சிவப்பு மையில் குச்சி குச்சியாக மனித உருவங்கள். மற்றக் கல்லறைகளின் வண்ணக் கும்பலைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், பெரிய பாப்பிரஸ் சுருள் ஒன்றைச் சுவர் முழுக்க விரித்தது போல இருக்கும். செய்தவர்களின் நோக்கமும் அதுதான்.

துத்தன்காமனுக்குத் தனி டிக்கெட். சின்னக் கல்லறை, ஓவியம் ஒரே அறையில்தான். அரசரின் உடல் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, பொக்கிஷம் எல்லாம் கெய்ரோ பக்கம் போய்விட்டது. பெயருக்காகப் போகிறவர்கள் போகலாம். அதே பணம் இருந்தால் 9ஆம் எண்ணுக்குக் கொடுங்கள் என்பேன். ஐந்தாம், ஆறாம் ராம்செஸுடைய அந்தக் கல்லறையில் கூரை முழுவதும் நூத் என்ற வான்தேவி முதுகோடு முதுகாக இரண்டு முறை நீண்டு கிடக்கிறாள், மாலையில் சூரியனை விழுங்கி காலையில் ஈன்றெடுக்கிறாள். துத்தன்காமன் கல்லறை 1922 நவம்பரில் கண்டுபிடிக்கப்படும்வரை தப்பியதற்கும் 9ஆம் எண்ணுக்கும் தொடர்பு உண்டு: 9ஆம் எண்ணை வெட்டிய தொழிலாளர்களின் குடிசைகள் அந்தச் சின்ன வாசலின் மேல்தான் நின்றன. முதலாம் சேத்தியின் 17ஆம் எண் கல்லறைக்கான டிக்கெட் பொது டிக்கெட்டைப் போலப் பலமடங்கு. 137 மீட்டர் நீளம், புடைப்புச் சிற்பத்தின் உச்சம். பணம் பொருட்டில்லை என்றால் இது ஒன்றே போதும்.

9ஆம் எண்ணின் சுவரில் கிரேக்கமும் லத்தீனுமாக ரோமானியர் காலத்து யாத்ரீகர்களின் கிறுக்கல்கள் நிறைய. அந்தக் காலத்திலேயே இது சுற்றுலாத் தலம். இதே பள்ளத்தாக்கின் சில கல்லறைகளில் தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் கீறிய பெயர்களும் இருப்பதை ஆய்வாளர்கள் 2026இல் வெளியிட்டார்கள், சிகை கொற்றன் என்பவர் பல கல்லறைகளில் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவரைப் பின்பற்ற வேண்டாம், இப்போது கைது செய்வார்கள்.

கல்லறைக்குள் காவலர் ஒருவர் கையசைத்து, கயிற்றைத் தாண்டி வரச்சொல்லி ஒரு மூலையைக் காட்டுவார். பார்த்தால் பக்‌ஷீஷ் (இனாம்) கொடுக்க வேண்டும். வேண்டாமென்றால் “லா, ஷுக்ரன்” (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போங்கள், நின்று விளக்கம் சொன்னால் பேரம் தொடங்கிவிடும். செல்பேசியில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. 5, 10, 20 பவுண்டு நோட்டுகள் தனிப் பையில் இருக்கட்டும்.

ஹட்ஷெப்சுட் கோயில் கிழக்கு பார்த்து மலை அடிவாரத்தில் நிற்கிறது. காலை முதல் வெளிச்சத்தில் சுண்ணாம்புப் பாறை பொன்னிறமாகும், பத்து மணிக்கு மேல் அதே பாறை அனலைத் திருப்பி அடிக்கும். நடு அடுக்கின் இடதுபக்கத் தாழ்வாரத்தில், அரசி செங்கடல் வழியே தெற்கே அனுப்பிய புந்த் நாட்டுப் பயணம் செதுக்கப்பட்டிருக்கிறது: கால்கள் மேல் நிற்கும் குடிசைகள், ஏற ஏணி, வேரோடு கூடையில் வைத்துத் தண்டில் தூக்கிவரும் சாம்பிராணி வகை மரங்கள், தண்ணீருக்குள் இனம் பிரித்துச் சொல்லக்கூடிய செங்கடல் மீன்கள். ஆழம் குறைவான செதுக்கல் என்பதால் அவசரமாக நடந்தால் ஒன்றும் தெரியாது. கோயில் முழுக்க அரசியின் உருவம் இருந்த இடங்களில் ஆள் வடிவத்தில் உளித் தழும்பு மட்டும் இருக்கும், அவருக்குப் பின் வெட்டி அழித்துவிட்டார்கள்.

இரண்டு மெம்னான் சிலைகளுக்குப் பத்து நிமிடம், டிக்கெட் கிடையாது. மூன்றாம் அமென்ஹோதெப்பின் கோயில் வாசலில் இருந்தவை, 18 மீட்டர். கி.மு. 27 நிலநடுக்கத்தில் வடக்குச் சிலை பிளந்தபின் விடியற்காலையில் ஒலி எழுப்பியதாம், ரோமானியப் பேரரசர் ஹாட்ரியன்கூட கி.பி. 130இல் கேட்க வந்தார். பிறகு பழுதுபார்த்தார்கள், ஒலி நின்றுவிட்டது.

பயண நிறுவனங்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இரண்டு இடங்கள்தான் மேற்குக் கரையில் மிகச் சிறந்தவை. முதலாவது மெதினத் ஹபு. மூன்றாம் ராம்செஸ் தனக்கு முந்தைய அரசர்களின் பெயர்களைப் பின்வந்தவர்கள் அழித்துத் தங்கள் பெயரை எழுதியதைப் பார்த்தவர். தன் எழுத்தை யாரும் அழிக்கமுடியாதபடி, சில இடங்களில் கிட்டத்தட்ட ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டவைத்தார். அந்தக் குழிகளில் இப்போது புறா உட்காருகிறது. முதல் வாசல் மதிலின் பின்புறம், தென்பாதியில் காட்டெருது வேட்டை இருக்கிறது, நாணலுக்குள் விழுந்த எருதின் நாக்கு வெளியே தொங்கும். அதன்மேல் வெயில் படுவது பிற்பகலில்தான், ஆகவே மூன்றரை மணிக்கு மேல் போங்கள். வடக்கு வெளிச்சுவரில் கடல்மக்கள் எனப்படும், கடல் வழியே படையெடுத்து வந்த கூட்டத்தாருடன் நடந்த கப்பல் சண்டை. அதற்குக் காலைச் சாய்வெயில் வேண்டும். இரண்டும் ஒரே பொழுதில் கிடைக்காது, எருதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது டெய்ர் எல் மெதினா, கல்லறைகளை வெட்டிய தொழிலாளர்களின் குடியிருப்பு. தெரு, வீடு, திண்ணை, அடுப்படி எல்லாம் இடுப்பளவு சுவர்களாக மிஞ்சியிருக்கின்றன. மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில் தானியக் கூலி வராததால் வேலையை நிறுத்திவிட்டு, மாதம் பிறந்து 18 நாளாகிவிட்டது, பசிக்கிறது என்று கோயில்களின் பின்னால் போய் உட்கார்ந்தவர்கள் இவர்கள்தான். எழுத்தில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தம் அது. ஊருக்கு மேலே சரிவில் அவர்கள் தங்களுக்கென்று வெட்டிக்கொண்ட கல்லறைகள். அவர்களில் ஒருவரான சென்னெஜெமின் கல்லறைக்குள் குனிந்து இறங்கினால் பத்துப் பேர் நிற்க இடமில்லாத வளைகூரை அறை. கோதுமை அறுக்கும் கணவன், பின்னால் கதிரைப் பொறுக்கும் மனைவி, அதற்குக் கீழே ஏர், அதற்கும் கீழே கனி தொங்கும் மரவரிசை. நேற்று பூசியது போன்ற மஞ்சள். அரசருக்குச் செய்த கையும் இதே கைதான், இங்கே மேஸ்திரி யாரும் மேற்பார்வை பார்க்கவில்லை.

பலூன் பயணம் வேண்டுமென்றால் ஊரில் உங்கள் முதல் காலைக்கே பதிவு செய்யுங்கள், காற்று சரியில்லாமல் ரத்தானால் மறுநாளுக்கு மாற்ற இடம் இருக்கும். சூரியன் உதிக்குமுன் கிளம்பும் முதல் தொகுதியைக் கேளுங்கள். 2013 பிப்ரவரி விபத்தில் 19 பேர் இறந்தார்கள். விலையை மட்டும் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் விஷயம் அல்ல இது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சிரமமில்லை. குஷாரி என்பது சோறு, பருப்பு, மக்ரோனி மூன்றின் மேல் தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும். காலைக்கு ஃபூல் (வேகவைத்து மசித்த அவரைப் பருப்பு), தாமியா (அதே பருப்பில் சுடும் வடை), கூடவே மேல் எகிப்தில், அதாவது தெற்குப் பகுதியில், மாவை வெயிலில் வைத்துப் புளிக்கவைக்கும் ஷம்சி ரொட்டி. முலுக்கியா என்ற கீரைக் குழம்பு மட்டும் பார்வைக்குச் சைவம், பெரும்பாலும் கோழி அல்லது முயல் வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் வடக்கே டெண்டெராவுக்குப் போங்கள், சாலையில் சுமார் ஒன்றரை மணி நேரம். வழியில் கிஃப்ட் என்ற சாதாரண ஊர் வரும். ரோமானியர் காலத்தில் அதன் பெயர் கொப்டோஸ். முசிறியிலிருந்து கப்பலேறிய மிளகு செங்கடல் துறைமுகத்தில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து இங்கேதான் நைல் படகுக்கு மாறியது. பார்க்க அங்கே அதிகமில்லை, வண்டியை நிறுத்த வேண்டாம். டெண்டெராவில் உள்ள ஹாத்தோர் என்ற தேவியின் கோயில் கூரையில் பல நூற்றாண்டுப் புகைக்கரியை அண்மைக் காலத்தில் சுத்தம் செய்திருக்கிறார்கள், அடியிலிருந்த நீலம் வெளிவந்துவிட்டது. சின்ன பைனாகுலர் ஒன்று எடுத்துப் போங்கள். மாடியில் உள்ள ராசிச்சக்கரம் நகல், அசல் பாரிஸில் லூவ்ரில் இருக்கிறது. அடித்தள ரகசிய அறைக்கு இறங்கும் துளை குறுகலானது, உடல் பருத்தவர்களும் நெருக்கடியான இடத்தில் மூச்சுமுட்டுகிறவர்களும் மேலேயே நின்றுவிடுவது உத்தமம்.